புகார் ஸ்பானிஷ்

எனக்கு ஸ்பானிஷில் சண்டை போடத் தெரியும். சௌக்கியமா என்று கேட்கத் தெரியாது. "உங்க ஆள் வருவாருன்னு நாள் முழுக்க வாசலையே பார்த்துட்டு இருக்கேன்" என்பதை நடுத்தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிசகாமல் சொல்வேன். "உங்க சட்டை அழகா இருக்கு" என்று சொல்லச் சொன்னால் திருதிருவென்று முழிப்பேன். ஒரு பாஷையை இப்படி வால்பக்கத்திலிருந்து கற்றுக்கொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். எனக்கு அந்த பாஷை ஒரே ஒரு காரியத்துக்குத்தான் தேவைப்பட்டது.

நான் சலவை மெஷின் விற்கும் கம்பெனி ஒன்றில் புகார்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒரு பெரிய கூடம். இந்தப் பக்கம் இங்கிலீஷில் பேசுகிறவர்கள், அந்தப் பக்கம் ஸ்பானிஷில் பேசுகிறவர்கள், நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. இங்கிலீஷ் பக்கத்துக்கு நான்தான் சூப்பர்வைசர். ஹெட்போனை மாட்டினால் கழற்றும்வரை திட்டு வாங்குவதுதான் தொழில். யாரோ செய்த மெஷின், யாரோ விற்றது, யாரோ கொண்டுபோய் இறக்கியது. வசவு மட்டும் எங்களுக்கு. வண்டியில் வரும்போது ஆடாமல் இருக்க மெஷினின் பின்பக்கம் சில போல்ட்டுகளை முடுக்கி அனுப்புவார்கள். அதைக் கழற்றாமலே ஓட விட்டுவிட்டு, மெஷின் சமையலறை முழுக்க நடக்கிறது என்று என் குலத்தையே இழுத்துத் திட்டிய மனிதர்கள் உண்டு.

இத்தனை வருஷத்தில் எனக்கு ஒன்று புரிந்துபோயிற்று. கத்துகிறவர்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை. கத்துகிறவர் வீட்டுக்கு மறுநாளே ஆள் போய்விடும். "பரவாயில்லைங்க, ஒண்ணும் அவசரமில்லை, முடியும்போது வாங்க" என்று ஒரு குரல் சொன்னால்தான் நான் நிமிர்ந்து உட்காருவேன். அந்த வீட்டில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும்.

என் மகள் அந்த ரகம்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு வருஷம் முழுக்கக் கால் கொள்ளாத ஷூவைப் போட்டுக்கொண்டு போனாள். விரலெல்லாம் கொப்புளம். கேட்டால் "நல்லாத்தான் இருக்கும்மா" என்பாள். என் வயிற்றில் இப்படி ஒரு பிள்ளை எப்படிப் பிறந்தது என்று தெரியவில்லை. காபி ஆறிப்போயிருந்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி சொல்கிறவள் நான். அவள் கட்டட வரைபடம் போடப் படித்து, பயிற்சிக்கென்று ஸ்பானிஷ் பேசும் ஊருக்குப் போனாள். போன வருஷம் அங்கே அவளுக்கு நிமோனியா வந்திருக்கிறது. தினமும்தான் போனில் பேசினாள். "சளிதாம்மா" என்றாள். ஆபீஸ் படிக்கட்டில் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, "கேமரா ரிப்பேரும்மா" என்று முகத்தைக் காட்டாமலே பேசியிருக்கிறாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னாராம். இதெல்லாம் மாப்பிள்ளை பிற்பாடு வாய் தவறி உளறித்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாப்பிள்ளை என்று முந்திரிக்கொட்டையாக இப்போதே சொல்லிவிட்டேன். அந்த ஊரில்தான் பழக்கம். படகு எஞ்சின் பழுது பார்க்கிறவர். கொஞ்சம் இங்கிலீஷ் வரும். தங்கமான பையன், ஆனால் சொன்னதைச் சொன்னபடி நம்புகிறவர். எஞ்சின் நின்றுபோனால்தான் திறந்து பார்ப்பார். கல்யாணம் முடிவாகி, அதுவரை இருப்பதற்காக மகள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அங்கே மாமியார் வீட்டு மாடியில் குடித்தனம், ஒரேயடியாக. அவள் இதைச் சொன்னபோது நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். "நல்லது கண்ணு" என்றேன். வேறு என்ன சொல்வது? போகிற பிள்ளையின் காலைக் கட்டிக்கொண்டு அழுதால் அது எப்படிப் போகும்? அழுகையை ஆபீஸ் பாத்ரூமில் வைத்துக்கொண்டேன்.

சம்பந்தியம்மா தையல் கடை வைத்திருக்கிறவர். புருஷன் இல்லை. இங்கிலீஷ் ஒரு சொல் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் மகனோடு ஒரு தடவை எங்களை வந்து பார்த்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. அப்போதுதான் நான் முடிவு செய்தேன்: அந்த அம்மாவிடம் ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும், நேருக்கு நேர், என் வாயால். "இவ நல்லா இருக்கேன்னு சொன்னா நம்பிடாதீங்க." அவ்வளவுதான். இதை மகளை விட்டே மொழிபெயர்க்கச் சொல்ல முடியுமா? மாப்பிள்ளையிடம் சொன்னால் அன்று சாயங்காலமே அவள் காதுக்குப் போய்விடும். அப்புறம் இன்னும் இறுக்கமாக மூடிக்கொள்வாள்.

"போன்ல அடிச்சா அதுவே மாத்திக் குடுக்குமே" என்றார் என் வீட்டுக்காரர். சோபாவில் சாய்ந்தபடியே ஊர்ப் பிரச்சினைகளைத் தீர்த்துவைப்பவர் அவர். அடித்துப் பார்த்தேன். என் மகள் எதையும் வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள் என்று அடித்தேன். வந்ததை ஆபீஸில் கிளியிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கா, தயவுசெஞ்சு இதை அனுப்பிடாதீங்க. ஏதோ துணிமணி விஷயம் மாதிரி இருக்கு."

கிளி என்பது நாங்கள் வைத்த பேர். எந்தக் குரலையும் அப்படியே திருப்பிச் சொல்வாள். எங்கள் பக்கத்திலிருந்து ஸ்பானிஷ் பக்கத்துக்கு மாறுகிறவர்களுக்கு அவள்தான் பயிற்சி கொடுப்பாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்கும் ஆரம்பித்தாள்.

"இங்கிலீஷ் பேசறவங்களுக்கு நான் சொல்ற முதல் விஷயம் இதுதான் அக்கா. இங்கிலீஷைக் கழட்டி வாசல்ல விட்டுட்டு உள்ள வாங்க. அதுல எழுதறது ஒண்ணு, படிக்கறது ஒண்ணு. இதுல அந்தப் பித்தலாட்டம் கிடையாது. அ-ன்னா எங்க வந்தாலும் அ, இ-ன்னா எங்க வந்தாலும் இ. அவங்கதான் இழுத்து வளைச்சு கஷ்டப்படுவாங்க. நம்ம வாய்க்கு இது சர்க்கரை."

"அப்புறம்?"

"எதுக்கெடுத்தாலும் 'நான், நான்'னு சொல்லாதீங்க. இங்கிலீஷ் பழக்கத்துல எல்லாரும் பண்ற தப்பு அது. நாம 'வந்தேன்'னு சொன்னா யாரு வந்தாங்கன்னு தெரியுதில்ல? இதுலயும் அப்படித்தான்."

பொருள்களுக்கெல்லாம் ஆண் பெண் உண்டென்று சொன்னாள். மேசை பெண்ணாம். சமையலறை பெண்ணாம். சோபா ஆணாம். சோபா ஆண் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை; எங்கள் வீட்டில் அதை ஆளில்லாமல் யாரும் பார்த்ததே கிடையாது. தனித்தனிச் சொல்லாகப் பொறுக்காதீர்கள், முழு வாக்கியமாக அள்ளுங்கள் என்றாள். தப்பு வந்தால் வரட்டும், வாயைத் திறங்கள் என்றாள். கடைசியாகச் சொன்னதுதான் என்னைக் கவிழ்த்தது.

"தினம் ஒரு மணி நேரம் நிஜமான மனுஷங்க பேசறதைக் கேளுங்க அக்கா. பாடப் புத்தகத்துல ரெண்டு பேரு ஓட்டல்ல ஆர்டர் குடுக்கறதையே கேட்டுட்டிருந்தா, ஓட்டல்ல மட்டும்தான் பேச வரும்."

நிஜமான மனிதர்களுக்கு நான் எங்கே போவேன்? என்னிடம் இருந்தது ஒன்றுதான். புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதற்காக, பேரையும் விலாசத்தையும் வெட்டிவிட்டு, பழைய புகார் அழைப்புகளைக் கம்பெனி சேர்த்து வைத்திருந்தது. ஸ்பானிஷ் அழைப்புகள் மலைபோல் கிடந்தன. பஸ்ஸில் கேட்டேன், காய் நறுக்கும்போது கேட்டேன், துணி மடிக்கும்போது கேட்டேன். பாட்டுக் கேட்பதாக வீட்டில் நினைத்துக்கொண்டார்கள்.

ஆச்சரியம் என்னவென்றால், சீக்கிரமே புரிய ஆரம்பித்துவிட்டது. கோபம் எந்த பாஷையிலும் ஒரே பாதையில்தான் போகும். முதலில் ஒரு பெருமூச்சு. அப்புறம் மெஷின் வாங்கிய கதை. அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத ஆள். அப்புறம் "இந்த வீட்டுல குழந்தை இருக்கு தெரியுமா". கடைசியில் "உங்க மேலதிகாரியைக் கூப்பிடு". பாதை எனக்கு அத்துப்படி என்பதால் சொற்கள் தானாக வந்து ஒட்டிக்கொண்டன. ஒழுகுகிறது, உடைந்துவிட்டது, சத்தம் போடுகிறது, யாரும் வரவில்லை, ஏமாற்றிவிட்டீர்கள், இதை யார் சரி செய்வது. சில மாதங்களில், எவ்வளவு வேகமாகக் குறை சொன்னாலும் எனக்கு ஒரு சொல் தவறாது.

வாயைத் திறந்தால்தான் கோளாறு. கிளி ஒரு நாள் என்னைப் பரீட்சை வைத்தாள். பிரயாணம் சௌகரியமாக இருந்ததா என்று ஸ்பானிஷில் கேட்கச் சொன்னாள். கேட்டேன்.

"அக்கா, 'எங்கய்யா என் மெஷின்'னு கேக்கற மாதிரி இருக்கு. கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே கேளுங்க."

சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"இப்ப மிரட்டற மாதிரி இருக்கு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பந்தியம்மாவோடு வீடியோவில் பேசுவோம். மகள் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பாள். நான் ஏதோ வணக்கம், நன்றி வரைக்கும் கற்றுக்கொண்டிருப்பதாக அவள் நினைப்பு. பதிவுகளைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா கையை ஆட்டி ஆட்டி நீளமாக ஏதோ சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லாம் புரிந்தது. மாடி அறைக் கூரை ஒழுகுகிறது. சுவரெல்லாம் ஈரம். சரி செய்கிறவன் வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவே இல்லை. நான் மனப்பாடம் பண்ணி வைத்திருந்த அத்தனை சொல்லும் வரிசையாக வந்தன.

மகள் என் பக்கம் திரும்பி, "மாடி ரூம் நல்லா வெளிச்சமா இருக்காம்மா. எங்களுக்காக எல்லாம் ரெடி பண்றாங்களாம்" என்றாள்.

நான் அவள் முகத்தையே பார்த்தேன். கொஞ்சம்கூட மாறவில்லை. நெஞ்சில் சளி கட்டிச் செத்துப் பிழைத்தவள், ஒழுகுகிற அறைக்குப் போகிறாள், அதையும் சர்க்கரை தடவி என்னிடம் நீட்டுகிறாள்.

"போன வருஷம் இவளுக்கு உடம்பு முடியாமப் போச்சு, கொஞ்சம் பார்த்துக்கங்கன்னு சொல்லு" என்றேன்.

அவள் சிரித்த முகமாக ஸ்பானிஷில் ஏதோ சொன்னாள். அதில் ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை. புரியாததிலிருந்தே தெரிந்துகொண்டேன், அதில் குறை எதுவும் இல்லை என்று. சம்பந்தியம்மா உள்ளங்கையில் முத்தம் வைத்து எனக்கு ஊதி அனுப்பினார்.

அவர்கள் வந்து இறங்கிய அன்று, வாசலில் நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியத்தோடு நின்றேன். சம்பந்தியம்மா குட்டையான மனுஷி, விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு. அவர் கையைப் பிடித்ததும் ஒத்திகை காற்றில் போனது. "தங்கள் பொறுமைக்கு நன்றி. சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று, பதிவுகளில் எங்கள் ஆட்கள் சொல்வதை, என் வாய் ஸ்பானிஷில் தானாகச் சொன்னது. மாப்பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டார். சம்பந்தியம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

என் வீட்டுக்காரருக்கு இந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. "வாங்க வாங்க, உங்க வீடு மாதிரி நினைச்சுக்கங்க" என்று சுத்தத் தமிழில், சத்தமாக, செவிடருக்குச் சொல்வதுபோல் சொன்னார். அந்த அம்மா ஸ்பானிஷில் பதில் சொன்னார். இவர் தமிழில் ஜோக் அடித்தார். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்து பழைய போட்டோக்களைப் பார்த்துக்கொண்டு பொழுதைப் போக்கினார்கள். மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட எனக்கு எரிச்சலாக வந்தது.

அதைவிட எரிச்சல், மகள் எங்களைத் தனியாக விடவே இல்லை. நான் சமையலறைக்குப் போனால் அவளும் வருவாள். சம்பந்தியம்மா எனக்குப் பின்னால் வந்தால் நடுவில் நுழைவாள். "உங்க ரெண்டு பேருக்கும் பாஷை தெரியாதேம்மா, பாவம்" என்பாள். நாள் ஓடிக்கொண்டிருந்தது. சொல்ல வேண்டியது சொல்லாமலே கிடந்தது.

புறப்படுகிற அன்று காலையில் சம்பந்தியம்மாவின் பெட்டிப் பூட்டு உடைந்துபோயிற்று. புதுப் பெட்டி வாங்க மகளும் மாப்பிள்ளையும் கிளம்ப, "வழி தெரியாது உங்களுக்கு" என்று என் வீட்டுக்காரரும் தொற்றிக்கொண்டார். கல்யாணமாகி வந்த நாள் முதல் அவர் எனக்குச் செய்த பெரிய உபகாரம் அது.

சமையலறையில் நாங்கள் இரண்டு பேர். அவர் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் சொல்லை எங்கிருந்து எடுப்பது என்று தெரியாமல் ஒரு துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன். அப்போது மூலையில் எங்கள் சலவை மெஷின் துணி பிழியும் வேகத்துக்கு வந்து, தடதடவென்று ஆடி, சுவரில் இடிக்க ஆரம்பித்தது. புகார்ப் பிரிவு சூப்பர்வைசர் வீட்டு மெஷின் ஆடக் கூடாது என்று சட்டமா என்ன?

சம்பந்தியம்மா பயந்து திரும்பி, "ஐயோ, இதுக்கு என்ன ஆச்சு?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். "முன்பக்கத்து இடது கால் தாழ்ந்திருக்கு. மெஷின் சமமா நிக்கலை. துணியெல்லாம் ஒரே பக்கமா ஒதுங்கிடுச்சு. நிறுத்துங்க, துணியைப் பிரிச்சுப் போடுங்க, மறுபடி ஓட விடுங்க. அப்பவும் ஆடினா எங்களைக் கூப்பிடுங்க. சிரமத்துக்கு வருந்துகிறோம்." ஒரே மூச்சில், ஸ்பானிஷில், தங்குதடையில்லாமல்.

அவர் கையில் கோப்பையோடு அப்படியே நின்றார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர், நிறுத்த முடியாமல் தொட்டியைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்குப் பேச வருது!"

"மெஷின் மட்டும் வரும்" என்றேன். "குறை மட்டும் வரும். நல்லது எதுவும் வராது."

அவர் குழாயை மூடினார். கையைத் துடைத்துக்கொண்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்ப குறை சொல்லுங்க" என்றார்.

இவ்வளவு நாள் காத்திருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, கைவசம் இருந்த சொற்களைக் கொண்டே ஆரம்பித்தேன்.

"மெஷின் ரெண்டு வகை. ஒண்ணு சத்தம் போடும். ஆடும். தண்ணி கொட்டும். அதுக்கு உடனே ஆள் வருவாங்க. இன்னொண்ணு சத்தமே போடாது. வெளியே பளபளன்னு இருக்கும். விளக்கு எரியும். எல்லாம் நல்லா இருக்குன்னு காட்டும். உள்ளே தண்ணி நிக்கும். யாருக்கும் தெரியாது. யாரும் வர மாட்டாங்க."

அதற்கு மேல் சொல் இல்லை. கதவுக்குப் பின்னால் மகளின் குளிர்ச்சட்டை மாட்டியிருந்தது. அதைக் காட்டினேன். "என் மக. சத்தம் போட மாட்டா." நுரையீரலுக்கு அந்த பாஷையில் என்ன சொல் என்று எனக்குத் தெரியாது, எந்த மெஷினுக்கும் நுரையீரல் இல்லையே. நெஞ்சில் கையை வைத்தேன். "போன வருஷம். உங்க ஊர்ல. இங்க தண்ணி. 'நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்'னு சொன்னா. விழுந்துட்டா. ஆஸ்பத்திரி."

சம்பந்தியம்மா முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. "போன வருஷமா? ரெண்டு தெரு தள்ளித்தானே இருந்தா? வாரா வாரம் வந்து என் வீட்டுல சாப்பிட்டவ, திடீர்னு வரலை. வேலைன்னு சொன்னா. நானும் நம்பிட்டேன். என் பையனும் ஒரு வார்த்தை சொல்லலையே!"

"சத்தியம் வாங்கியிருப்பா" என்று சொல்ல நினைத்தேன், சொல் இல்லை. ஆனால் அவர் சொன்னது முழுக்கப் புரிந்தது. அதெல்லாம் குறைதானே.

"மாடி ரூம் ஒழுகுது, கீழே என் ரூமை எடுத்துக்கோன்னு சொன்னேன்" என்று அவர் கையை விரித்தார். "எனக்கு மழைச் சத்தம் பிடிக்கும்னு சொன்னா! பிடிக்குமாம்!"

இரண்டு பேரும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த அம்மாவை எனக்கு அப்போது ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வெளியே வண்டிச் சத்தம் கேட்டதும் இரண்டு பேரும் திருட்டுப் பிள்ளைகள்போல் எழுந்து ஆளுக்கொரு வேலையைப் பார்த்தோம்.

மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். அதை முடித்துவிட்டு அவர்கள் கிளம்ப வேண்டும். வழக்கம்போல் மகள் எங்கள் இருவருக்கும் நடுவில். சம்பந்தியம்மா ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"என் வீட்டுல உனக்கு என்ன பிடிக்கலை?"

"எல்லாம் பிடிச்சிருக்கு" என்றாள் மகள்.

"கூரை ஒழுகுது."

"கொஞ்சம்தானே."

"உடம்பு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கேன்."

சம்பந்தியம்மா விடவில்லை. "என் கடைக்கு வர்றவங்க எல்லாரும் புதுச் சட்டையைப் போட்டுப் பார்த்துட்டு முதல்ல 'நல்லா இருக்கு'ன்னுதான் சொல்வாங்க. கையைத் தூக்குங்கன்னு சொன்னாத்தான் எங்க பிடிக்குதுன்னு தெரியும்." இதில் பாதிதான் எனக்குப் புரிந்தது, மீதியை அவர் தன் கையைத் தூக்கிக் காட்டியதில் தெரிந்துகொண்டேன். "நீ கையைத் தூக்கு" என்றார் அவளிடம். "ஒரே ஒரு குறை சொல்லு. சொல்லாம நான் வண்டியேற மாட்டேன்."

மகள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. என்னை ஒரு பார்வை, அப்பாவை ஒரு பார்வை. எங்களுக்குத்தான் புரியாதே என்ற தைரியம் அந்தப் பார்வையில் இருந்தது. அப்புறம் தட்டைப் பார்த்துக்கொண்டு, தணிந்த குரலில், வேகமாகச் சொன்னாள்.

"உங்க வீட்டுல ஒரு குறையும் இல்லை. எனக்கு இருக்கறது எங்க அம்மா மேல. நான் போறேன்னு சொன்னேன். நல்லதுன்னு சொல்லிட்டு துணி காயப் போட்டாங்க. அவ்வளவுதான். 'போகாதே'ன்னு ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கலாம். சொன்னாலும் நான் போகத்தான் போறேன். ஆனா சொல்லியிருக்கலாம். தினமும் காத்துட்டிருக்கேன். நான் போனா அவங்களுக்கு ஒண்ணுமே இல்லை போல."

எனக்கு ஒரு சொல் தவறவில்லை.

வீட்டுக்காரர் எப்போதும்போல் தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். "என்ன சொல்றா?" என்று என்னைக் கேட்டார்.

"குறை சொல்றா" என்றேன்.

"யாரை?"

"என்னை."

மகள் விருட்டென்று திரும்பினாள். முகம் வெளுத்துவிட்டது. "அம்மா, உனக்குப் புரிஞ்சுதா?"

"திட்டு வாங்கறதுதான்டி என் தொழில். எந்த பாஷையில திட்டினாலும் எனக்குப் புரியும்."

யாரும் சிரிக்கவில்லை. தண்ணீர் டம்ளரை மேசையில் வைத்தேன். "போகாதே" என்றேன். சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. "போகாதேடி. நீ இல்லாம இந்த வீட்டுல நான் என்ன பண்ணுவேன்? எனக்கு நீ போறது கொஞ்சம்கூடப் பிடிக்கலை. அந்த ஊரும் பிடிக்கலை, அந்த ஒழுகற ரூமும் பிடிக்கலை. ஆபீஸ் பாத்ரூம்ல உக்காந்து எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா? நான் அழுதா நீ நின்னுடுவியோன்னு பயந்துக்கிட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டு, உன் துணியை மடிச்சு மடிச்சு வெச்சேன்."

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. வந்து என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஓவென்று அழுதாள். கொப்புளத்துக்கு அழாதவள், நிமோனியாவுக்கு அழாதவள், தெருவுக்கே கேட்கும்படி அழுதாள். நடுநடுவே முஷ்டியால் என் முதுகில் குத்தினாள்.

"நல்லா இருக்கேன்னு சொல்றதை நான் யாருகிட்ட கத்துக்கிட்டேன்னு நினைக்கறே?" என்றாள். "நீ காபி ஆறினா கத்துவே. கரண்டி காணோம்னா கத்துவே. வலிக்குதுன்னு என்னைக்காவது கத்தியிருக்கியாம்மா?"

ஊரார் குறையெல்லாம் காதில் வாங்கிய எனக்கு இது ஒன்று மட்டும் இவ்வளவு நாள் கேட்காமல் போயிருக்கிறது. அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன். ஒன்றும் புரியாமலே என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாப்பிள்ளை சாய்ந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்துவிட்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார்.

"என்ன சொன்னாங்க உங்க அம்மா?" என்று சம்பந்தியம்மா மெதுவாகக் கேட்டார்.

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பினாள். ஸ்பானிஷில் சொன்னாள். நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். போகாதே என்றது, பாத்ரூம் அழுகை, ஊர் பிடிக்கவில்லை என்றது, ஒழுகுகிற ரூம் பிடிக்கவில்லை என்றது, எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை, எதையும் இனிப்பாக்கவில்லை. சம்பந்தியம்மா ஒவ்வொன்றுக்கும் "சரி" "சரி" என்று தலையாட்டினார். கடைசியில், "கீழே என் ரூமை எடுத்துக்கோ. நான் கடைக்குப் பின்னால இருக்கற ரூமுக்குப் போயிடறேன். மேலே யாரும் படுக்க வேண்டாம்" என்றார்.

"பரவாயில்லை, எனக்கு..." என்று மகள் ஆரம்பித்தாள்.

ஆரம்பித்தவள் நிறுத்தினாள். என் தோளிலிருந்து கையை எடுக்காமல், சம்பந்தியம்மாவைப் பார்த்துக் கொஞ்சம் திக்கித்திக்கிச் சொன்னாள்.

"எனக்கு மேல் ரூம் வேண்டாம். ஈரம் எனக்கு ஒத்துக்காது. மழைச் சத்தம் கேட்டா பயமா இருக்கு, மூச்சு முட்டற மாதிரி இருக்கு. கீழ் ரூம் குடுங்க."